ஏழாம் இலக்கத்தில் விண்வெளி நிலையம்

இன்னைக்கும் யாராவது மைக்கைப் பிடிச்சு "முதலாவதாக மங்கள விளக்கேற்றல்"னு ஆரம்பிச்சா எனக்கு நெஞ்சு பதறும். பதறும்னு சொல்றது நாகரிகத்துக்கு. உண்மையில பத்திக்கிட்டு வரும். கந்தோர்ல ஓய்வு பெறுறவங்களுக்கு வைக்கிற பாராட்டு விழாவா இருந்தாலும் சரி, பாலர் பாடசாலைக் கலைவிழாவா இருந்தாலும் சரி, நான் எழும்பி வெளியில போயிருவேன். என்னடா இவ, ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போற பொம்பளை, விளக்கு ஏத்துனா இவளுக்கு என்னா வந்துச்சுன்னு பார்க்கிறவங்க பார்க்கட்டும். ஒவ்வொருத்தருக்கா நின்னு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்ல. இங்க சொல்றேன்.

நான் தெல்தெனியவுல ஒரு அரசாங்கக் கந்தோர்ல கிளார்க். வீட்டுக்காரர் கட்டார்ல லொறி ஓட்டுறாரு, வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒரே மகள். இது நடந்தப்ப அவளுக்குப் பதினஞ்சு வயசு. ஹுன்னஸ்கிரிய போற ரோட்டுல, மேட்டு மேல இருக்கிற தமிழ் ஸ்கூல்ல பத்தாம் ஆண்டு படிச்சிக்கிட்டிருந்தா. அங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் மடவளைக்காரர். மனுஷன் சும்மா இருக்கத் தெரியாதவர். பூமியைச் சுத்திக்கிட்டிருக்கிற விண்வெளி நிலையத்துல தங்கியிருக்கிறவங்களோட ஸ்கூல் பிள்ளைங்க ரேடியோவுல பேசுறதுக்கு ஒரு ஏற்பாடு உலகத்துல இருக்காம். அதுக்கு அவர் ஒரு வருஷத்துக்கு மேல எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, கடைசியில வாங்கியே விட்டாரு. ஒரு நாள் காலையில கந்தோர் வாசல்ல வந்து நிக்கிறாரு, பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்த மூச்சு அடங்கல.

"மிஸ், கெடச்சீக்கு! எங்கட ஸ்கூலுக்குக் கெடச்சீக்கு! மேல ஈக்கிறவங்க எங்கட புள்ளைகளோட பேசப் போறாங்க. பத்துப் புள்ளைகள். உங்கட மகளும் ஒராள்."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பக்கத்து மேசையில இருந்த சிங்கள நோனாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவ என்னமோ எனக்கு இடமாற்றம் கிடைச்சிருச்சுன்னு நினைச்சு அவளும் குதிச்சா.

ஆனா அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்துச்சு. ஏன்னா, மகள் கேட்கப் போற கேள்வி என்னான்னு சேர் சொல்றதுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.

அதுக்கு முந்தின வருஷம் என் மாமனார் செத்துப் போனாரு. ஹுன்னஸ்கிரியவுல தோட்டத்துல இருந்தவர், ஒரு நாள் விடியக்காலம் தண்ணி பிடிக்கப் போன இடத்துல சாய்ஞ்சாரு, முடிஞ்சுச்சு. வீட்டுக்காரர் அந்த நேரம் அங்க பாலைவனத்துக் குறுக்கால நெடுந்தூரம் ஓடிக்கிட்டிருந்தாரு. லீவு குடுக்க மாட்டாங்க, வரவும் முடியாது. இதைச் சொன்னா அந்த மனுஷன் கையை ஸ்டியரிங்ல வச்சு எப்படி ஓட்டுவாருன்னு எங்களுக்குப் பயம். வெளிநாட்டுல ஆள் இருக்கிற எந்த வீட்டுலயும் செய்யிறதைத்தான் நாங்களும் செஞ்சோம். மறைச்சோம். ஒன்பது நாள். மூணாம் நாள் மண் போட்டு, செபமாலை சொல்லி, வந்த சனத்துக்குச் சாப்பாடு குடுத்து எல்லாம் முடிஞ்ச பிறகும் சொல்லல. அவர் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து "அப்பா எங்க, அப்பாகிட்ட குடு"ம்பாரு. நான் சொன்னா குரல் காட்டிக் குடுத்துரும்னு போனை மகள்கிட்ட குடுத்தேன். புள்ள சொன்னா, "தாத்தா தூங்குறாரு அப்பா." ஒன்பது நாளும் அவதான் சொன்னா.

பிறகு தெரிஞ்சப்ப வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை ஏசல. மகள்கிட்ட மட்டும் "நீயுமா?"ன்னு கேட்டாரு. அதோட வச்சிட்டாரு. அந்த மூணெழுத்துக் கேள்வியை அந்தப் புள்ள எத்தனை மாசம் சுமந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். பேச்சு குறைஞ்சுச்சு. அப்பா போன் எடுத்தா பாத்ரூமுக்குப் போயிருவா.

மத்தப் பிள்ளைங்க மேல என்னா சாப்பிடுறீங்க, எப்படிக் குளிக்கிறீங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. இவ எழுதினது இது: "நீங்க மேல இருக்கும்போது உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது நடந்துட்டா, அதை உடனே சொல்லச் சொல்லிட்டு வந்தீங்களா, இல்ல இறங்கி வந்த பிறகு சொல்லச் சொன்னீங்களா?" விஞ்ஞான சேர் அதை ரெண்டு தரம் வாசிச்சாராம். பிறகு அதை மூணாவதாப் போட்டிருக்காரு.

"என்னாடி கேள்வி இது, அபசகுனமா? நல்லதா ஒண்ணு கேளேன்"னு நான் அதட்டினேன்.

"இதுக்கு யாராவது பதில் யோசிச்சு வச்சிருந்தா அது அவங்கதான்மா. போறதுக்கு முந்தியே முடிவெடுத்திருப்பாங்க"ன்னா. அப்புறம், "அப்பாவும் கேட்கணும். போன்ல வச்சிருங்க"ன்னா.

அதுதான் விஷயம். அவளுக்கு விண்வெளியும் வேணாம், பேர் புகழும் வேணாம். அவங்க அப்பா காதுபட அந்தக் கேள்வியைக் கேட்கணும், பதிலை ரெண்டு பேருமா கேட்கணும். அவ்வளவுதான்.

எங்களோட பேச இருந்தது ஒரு பொம்பளை. ரொக்கட்ல ஏறினதையே நாங்க போன்ல பார்த்தோம். மகள் கட்டில்ல, நான் சோத்துப் பானையும் கையுமா. ரெண்டு தரம் காலநிலை சரியில்லன்னு தள்ளிப் போட்டாங்க. மூணாந்தரம், குறிச்ச மணிக்கு, குறிச்ச செக்கனுக்குக் கிளம்புச்சு பாருங்க, எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. அடுத்த நாள் நிலையத்தோட போய்ச் சேர்ந்து ஒட்டினதைக் கந்தோர் கம்பியூட்டர்ல திருட்டுத்தனமாப் பார்த்தேன். அவ்வளவு வேகத்துல ஓடுற ஒண்ணை இன்னொண்ணு துரத்திப் போய், அவசரப்படாம, முட்டாம மோதாம, மெல்லப் பக்கத்துல போய் ஒட்டுது. கதவைத் திறந்ததும் உள்ள இருந்தவங்க மிதந்து வந்து கட்டிப் பிடிச்சாங்க. நிலா மாதிரி சிரிச்சா அந்தப் பொம்பளை. மகள் அவளோட படத்தை அலுமாரிக் கதவுல ஒட்டி வச்சா. பேசி முடிஞ்சா "ஓவர்"னு சொல்லணும்னு சேர் சொல்லியிருந்தாரு. ரெண்டு வாரமா எங்க வீட்டுல "அம்மா சோறு போடுங்க, ஓவர்", "அம்மா சட்டை எங்க, ஓவர்"தான். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தப் புள்ள வீட்டுல விளையாட்டுப் பேச்சுப் பேசுனா தெரியுமா!

ரேடியோவுக்குப் பொறுப்பா வந்தவர் கட்டுகஸ்தோட்டையில இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். இப்படி ரேடியோவுல உலகத்தோட பேசுறதே அவருக்குப் பொழுதுபோக்கு, அதுக்கு லைசன் வச்சிருக்காரு. முதல் நாளே வந்து ஸ்கூல் கூரையில ஏறி ஏரியல் பூட்டினாரு. இறங்கி வந்து சுத்தி இருக்கிற மலையைக் காட்டிச் சொன்னாரு.

"பத்து நாப்பத்திரண்டுக்கு அது உந்த மலைக்கு மேலால வரும். எங்களுக்கு எட்டு நிமிசம். ஒன்பது எண்டு ஆசைப்படாதேங்கோ. பிறகு மற்றப் பக்கத்து மலைக்குப் பின்னால போயிடும். அது நிக்காது. நாங்கள்தான் நிக்க வேணும்."

மைக்குல இருந்த பொத்தானையும் காட்டினாரு. "கதைக்கேக்க இதை அமத்த வேணும். அமத்திக்கொண்டிருந்தா அவை கதைக்கிறது எங்களுக்குக் கேக்காது. கதைச்சு முடிய, ஓவர் எண்டு சொல்லிப் போட்டு உடன விட வேணும்."

இவ்வளவு தெளிவா ஒரு மனுஷன் சொன்னாரா இல்லையா? சொன்னாரு. எல்லாருக்கும் கேட்டுச்சா இல்லையா? கேட்டுச்சு. இனித்தான் நம்ம ஆட்களோட கூத்து.

ஸ்கூல்ல ஒரு விஷயம் நடக்குதுன்னா அதை விழாவாக்காம நம்மால முடியாது. மேலிடத்துக்குச் சொல்லணும். மேலிடத்துக்குச் சொன்னா பிரதம அதிதி வேணும். பிரதம அதிதின்னா வாசல்ல வெத்திலை, பேண்ட் வாத்தியம், கொடி, தேசிய கீதம், விளக்கு, மதத் தலைவர்மார், வரவேற்புரை, வரவேற்பு நடனம். இந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கல. ஆனா சட்டப் புத்தகத்தை மாத்தினாலும் இதை மாத்த ஏலாது. பெற்றோர் குழுவுக்கு நான் செயலாளர், கந்தோர்ல இதே வேலையாக் கிடக்கிறவ, அதனால நிகழ்ச்சி நிரலை என்கிட்டத்தான் டைப் பண்ணக் குடுத்தாங்க. போன விழாவோட பேப்பரைத் திறந்து, திகதியை மாத்தி, ஏழாவது இடத்துல "விண்வெளி நிலையத்துடன் உரையாடல், மு.ப. 10.42"ன்னு அடிச்சேன். பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் நடுவுல வர்ற மாதிரி. வானத்துல போறதையும் வரிசையில நிக்க வச்சுட்டேன்! அப்ப எனக்கு அது கொஞ்சங்கூட உறைக்கல. அதிதி ஒன்பதரைக்கு வர்றாரு, பத்தேகாலுக்கு எல்லாம் முடிஞ்சிரும், நிறைய நேரம் இருக்குன்னு எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டோம்.

அன்னைக்கு வெயில் பளிச்சுன்னு அடிச்சுச்சு. கீழ விக்டோரியாத் தண்ணி கண்ணைக் கூசுது. பத்துப் பிள்ளைங்களும் வெள்ளை உடுப்புல, ரேடியோ மேசைக்குப் பக்கத்துல வரிசையா நிக்கிறாங்க. மகள் மூணாவது. கேள்வி எழுதின துண்டு கையில, ஆனா அதைப் பார்க்கல, கண்ணை மூடி வாய்க்குள்ள சொல்லிக்கிட்டிருந்தா. நான் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் லொறியை ரோட்டோரம் நிப்பாட்டிட்டுக் காத்திருந்தாரு. "லைன்லயே இருங்க, வைக்காதீங்க"ன்னுட்டு போனைக் கையில உயர்த்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஒன்பதரையாச்சு. பத்தாச்சு. அதிதி வரல. கண்டியில இருந்து கிளம்பிட்டாராம். பத்து பத்துக்குக் கேட்டா அப்பவும் கிளம்பிட்டாராம்! கண்டிக்கும் தெல்தெனியவுக்கும் என்னா கடலா கிடக்கு? வாசல்ல நின்ன பேண்ட் பிள்ளைங்க வெயில்ல காய்ஞ்சு ஒண்ணு மயங்கியும் விழுந்துச்சு. பத்து இருபத்திநாலுக்கு வாகனம் வந்துச்சு. இறங்கின மனுஷன் முகத்துல ஒரு வருத்தம், ஒரு அவசரம்? ம்ஹூம். சிரிச்சுக்கிட்டே வெத்திலையை வாங்கி, பேண்டுக்குப் பின்னால ஊர்வலம் மாதிரி நடந்து வந்தாரு. அவர் என்ன பதவின்னு நான் சொல்லப் போறதில்ல. சொன்னா அந்தாளுக்குத்தான் பெருமை.

கொடி ஏத்தினாங்க. தேசிய கீதம். விளக்குக்கிட்ட வர்றப்ப பத்து முப்பத்தி ஏழு. எங்க மண்டபத்துக்கு அரைச்சுவர்தான், மேட்டுக்காத்து நேரா உள்ள அடிக்கும். ஏழு திரி. ஒரு திரி பத்தினா இன்னொண்ணு அணையுது. மேடையில இருக்கிற ஒவ்வொருத்தரும் ஏத்தணும், ஒவ்வொருத்தருக்கும் போட்டோ எடுக்கணும். அணைஞ்சதைத் திரும்ப அவரே ஏத்தணும், இன்னொருத்தர் ஏத்தினா மரியாதை இல்லையாம். ரெண்டு பேர் புடவை முந்தானையைப் பிடிச்சுக் காத்தை மறைக்கிறாங்க. பத்து நாப்பதுக்கு ரேடியோக்காரர் கதிரையை விட்டு எழும்பினாரு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாரு. மேடைப் பக்கமா வந்தாரு. யாரோ "விளக்கு முடியட்டும்"னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. ஊர் விட்டு ஊர் வந்த மனுஷன், அடுத்தவன் வீட்டு விழாவுல என்னா சத்தம் போடுவாரு? போய் உட்கார்ந்தாரு. விஞ்ஞான சேர் மண்டபத்துக்குப் பின்னால நின்னு தலையில கையை வச்சுக்கிட்டாரு.

பத்து நாப்பத்திரண்டுக்கு அது மலைக்கு மேலால வந்திருக்கும். நாங்க அஞ்சாவது திரியில நின்னோம்.

வரவேற்புரை, நடனம் எல்லாத்தையும் விட்டுட்டு, பத்து நாப்பத்தஞ்சுக்குத்தான் ரேடியோக்காரர் நிலையத்தைக் கூப்பிட்டாரு. முதல் தரத்திலேயே பதில் வந்துச்சு. அம்மாடி! அந்தக் குரல்! இரைச்சலுக்கு நடுவுல அந்தப் பொம்பளையோட குரல், எங்க ஸ்கூல் பேரைத் தப்புத் தப்பா உச்சரிச்சு, இங்கிலீஷ்ல "நல்லாக் கேட்குது, பேசுங்க"ங்குது. மண்டபமே எழும்பி நின்னுச்சு. எனக்கு அழுகை வந்திருச்சு. முதல் பிள்ளை மைக்குக்குக் கை நீட்டுது. ஸ்கூல் அதிபர் இடையில வந்தாரு.

"முதல்ல நம்ம ஐயா ரெண்டு வார்த்தை."

ரெண்டு வார்த்தையா? மனுஷன் மைக்கை வாங்கினாரு. பொத்தானை அமத்தினாரு. மூணு மொழியிலயும் வணக்கம் சொன்னாரு. இந்தப் பிரதேசத்தைத் தான் எப்படி முன்னேத்துறேன்னு வானத்துக்கு அறிவிச்சாரு. ரோடு போட்டதைச் சொன்னாரு. தண்ணித் திட்டத்தைச் சொன்னாரு. மேல இருக்கிறவளுக்கு எங்க ரோட்டால என்னா? விரலை எடுக்கவே இல்ல. மேல இருந்து அவ என்னா சொன்னாளோ, எத்தனை தரம் கூப்பிட்டாளோ, ஒண்ணும் எங்களுக்குக் கேட்கல. ரேடியோக்காரர் விரலை எடுங்கோ, எடுங்கோன்னு கையால காட்டினாரு. அதிதி அதைத் தனக்கு வணக்கம் சொல்றதா நினைச்சுத் தலையை ஆட்டினாரு. கையில இருந்த போன்ல என் மனுஷன் அந்தத் தண்ணித் திட்டத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு.

பத்து நாப்பத்தெட்டுக்கு விட்டாரு. முதல் பிள்ளை கேட்டுச்சு, என்னா சாப்பிடுறீங்கன்னு. பதில் வந்துச்சு. ரெண்டாவது பிள்ளை பயத்துல திக்கித் திணறிக் கேட்டுச்சு, பதில் பாதி இரைச்சல்ல போச்சு. மகள் முன்னுக்கு வந்தா. மைக்கைப் பிடிச்சா. பொத்தானை அமத்தி, ஒரு எழுத்துப் பிசகாம, குரல் நடுங்காம முழுக் கேள்வியையும் கேட்டா. "ஓவர்"னா. விரலை எடுத்தா.

உஸ்ஸ்ஸ்னு இரைச்சல். அவ்வளவுதான்.

திரும்பவும் கேட்டா. ரேடியோக்காரர் தடுக்கல, பாவம். மூணாந்தரம் கேட்கப் போனப்ப அவர் மெல்ல அவ தோள்ல கையை வச்சாரு. "போயிட்டுது பிள்ளை. மலைக்குப் பின்னால போயிட்டுது."

இதுக்கு மேலதான் எனக்குப் பொறுக்கேலாத விஷயம். சனம் கை தட்டுச்சு! இங்கிலீஷ்ல ஒரு பிள்ளை நல்லாப் பேசிருச்சு, ரேடியோ உஸ்ஸுன்னுச்சு, சரி முடிஞ்சிருச்சாக்கும்னு மண்டபம் முழுக்கக் கை தட்டுச்சு. அதிதி தட்டினாரு. அதிபர் தட்டினாரு. பக்கத்துல எல்லாரும் தட்டினதால நானும் ரெண்டு தட்டுத் தட்டினேன். அதைச் சொல்லாம விட்டா பொய். மகள் அந்தத் தட்டலுக்கு நடுவுல மைக்கை வச்சுக்கிட்டு நின்னா. அவளுக்குப் பின்னால நின்ன ஏழு பிள்ளைங்களும் துண்டைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சாங்க. மேடையில எட்டாவது நிகழ்ச்சிக்குப் போயிட்டாங்க.

போனைக் காதுல வச்சேன். "என்னா, கேட்டாளா? எனக்கு இரைச்சலும் கைதட்டுந்தான் கேட்டுச்சு. பதில் என்னா?"ன்னாரு.

"மழைங்க. மழை மந்தாரம். சிக்னல் போயிருச்சு"ன்னேன்.

வெளியில வெயில் கொளுத்துது. மகள் பக்கத்துல நின்னு என் வாயையே பார்த்தா.

அதுக்குப் பிறகு நான் பேசாத பேச்சில்ல. கந்தோர்ல, பஸ்ல, கோயில் வாசல்ல, மார்க்கெட்டுல, யார் மாட்டினாலும் விடல. அடுத்த கிழமை பத்திரிகையில படம் வந்துச்சு. யார் படம்? காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு அதிதி! அவர் முகத்துல இருந்த பொறுப்பைப் பார்த்தா ரொக்கட்டையே அவர்தான் ஓட்டினவர் மாதிரி. கீழ "விண்வெளியுடன் பேசிய மாணவர்கள்"னு எழுதியிருந்துச்சு. படத்துல ஒரு மாணவன் காதுகூட இல்ல.

ரெண்டு வாரங்கழிச்சு ஒரு நாள் மகள் ஒரு சான்றிதழைக் கொண்டு வந்து மேசையில வச்சா. தங்கக் கரை போட்டது. "விண்வெளி நிலையத்துடன் வெற்றிகரமாக உரையாடியமைக்காக"ன்னு போட்டு, அவ பேரு. கையெழுத்து அதிதி.

"இது எனக்கு வேணாம்"னா. "நான் உரையாடல."

வந்துச்சே எனக்கு! அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுட்டு நேரா ஸ்கூலுக்குப் போனேன். அதிபர் கதிரையைக் காட்டினாரு, உட்காரல. சான்றிதழை மேசையில போட்டேன்.

"இது என்னா சேர்? வெற்றிகரமாவா? யாருக்கு வெற்றி? என் புள்ள காத்துகிட்டயா பேசுனா?"

"கோவப்படாதீங்க மிஸ். பிள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குடுத்தோம். பின்னுக்கு உதவும், பைல்ல வைக்கலாம்."

"பொய்யைப் பைல்ல வச்சா அது உண்மையாயிருமா? ஒரு வருஷம் அந்த விஞ்ஞான சேர் நாயா அலைஞ்சு வாங்கினாரு. மேல இருக்கிறவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய், நம்ம பிள்ளைங்களுக்குன்னு எட்டு நிமிஷம் ஒதுக்கினாங்க. அதுல மூணு நிமிஷம் திரிக்கு, மூணு நிமிஷம் தண்ணித் திட்டத்துக்கு! பிந்தி வந்தவரைப் பிந்தி வந்தீங்கன்னு சொல்ல ஒரு ஆளுக்கு வாய் வரலையா?"

அதிபர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "நீங்களும் கந்தோர்ல வேலை செய்யிறவங்கதானே மிஸ். அப்படிப்பட்டவங்களுக்கு முன்னுக்கு நம்ம வாய் திறக்க ஏலுமா?"

"ஏன் ஏலாது? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

சத்தத்துல பக்கத்து அறை டீச்சர்மார் எட்டிப் பார்த்தாங்க. அதிபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு. நான் சான்றிதழை அங்கேயே போட்டுட்டு விறுவிறுன்னு இறங்கி வந்துட்டேன். பஸ்ல வரும்போது மனசு லேசா இருந்துச்சு. நல்லாக் குடுத்தேன், இனி ஒருத்தருக்கும் இப்படிச் செய்ய மனசு வராதுன்னு எனக்கு நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் மகள் குசினியில போஞ்சி நறுக்கிக்கிட்டிருந்தா. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் நடிச்சுக் காட்டினேன். அதிபர் கண்ணாடி துடைச்சதையும், டீச்சர்மார் எட்டிப் பார்த்ததையும், கொழுக்கட்டையையும். அவ கத்தியை நிப்பாட்டாம கேட்டுக்கிட்டிருந்தா.

"நல்லாக் கேட்டீங்க"ன்னா. கொஞ்ச நேரங்கழிச்சு, "அந்த ரேடியோ சேரைத் திருப்பி அனுப்பினது யாருன்னு கேட்டீங்களா?"ன்னா.

"அது... யாரோ..."

"நான் மூணாவதா நின்னேன்மா. அந்த மேசைக்கிட்டத்தான்."

ஆமா. இவ்வளவு நேரம் உங்களுக்கும் "யாரோ"ன்னுதான் எழுதிக்கிட்டு வந்தேன். அந்த மனுஷன் மேடைக்கு வரல, என்கிட்டத்தான் வந்தாரு, நிகழ்ச்சி நிரல் என் கையில இருந்ததால. கடிகாரத்தைத் திருப்பிக் காட்டி, "அம்மா, நேரம் வந்திட்டுது. நான் கூப்பிடட்டோ?"ன்னு கேட்டாரு. எவ்வளவு மரியாதையாக் கேட்டாரு! ஆமாங்க, கூப்பிடுங்கன்னா முடிஞ்சுச்சு. நான் மேடையைப் பார்த்தேன். அதிதி கையில மெழுகுதிரி. அவருக்குப் பக்கத்துல எங்க கந்தோர்ப் பெரியவர். இந்த நேரத்துல ரேடியோ கத்தினா அவங்க என்னா நினைப்பாங்க, என்னை என்னா நினைப்பாங்கன்னு நினைச்சேன். "விளக்கு முடியட்டும் சேர்"னேன். அவர் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துட்டுப் போனாரு. ஊரெல்லாம் ஏசித் திரிஞ்ச என் வாய் அன்னைக்குச் சொன்னது அந்த மூணு வார்த்தைதான்.

"சொல்லேலாமப் போச்சு புள்ள"ன்னேன். "எல்லாரும் இருந்தாங்க."

அவ கத்தலை. அழலை. கையைத் துடைச்சுக்கிட்டு, மேசையில கிடந்த போனை எடுத்து, அவங்க அப்பா நம்பரை அமத்தி, என் கையில வச்சா.

"அப்பா இன்னும் மழைன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காரு."

மணி அடிச்சுது. ரெண்டாவது மணியிலேயே எடுத்தாரு. லொறி இஞ்சின் சத்தம் கேட்டுச்சு, பிறகு அதை அணைச்ச சத்தம்.

"என்னா இந்த நேரத்துல? வீட்டுல ஏதும் நடந்துருச்சா? மறைக்காம சொல்லு."

"அன்னைக்கு மழை பெய்யலைங்க"ன்னேன். "நான்தான் அந்த மனுஷனைத் திருப்பி அனுப்பினேன்."